இந்த ஃபைலுக்கு யார் பொறுப்பு?

உங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் 'பேக்கப் எடுக்கும் முறை' என்று ஒரு வேர்ட் ஃபைல் இருக்கிறதா? அதைத் திறந்து, ஃபைல் மெனுவில் இன்ஃபோ என்பதை க்ளிக் செய்யுங்கள். ஆத்தர் என்ற இடத்தில் ஒரு பெயர் தெரியும். அது ஃபைலை முதலில் உருவாக்கியவரின் பெயர், அவ்வளவுதான். (சில சமயம் ஆபீஸ் தொகுப்பை இன்ஸ்டால் செய்து கொடுத்த கடைக்காரரின் பெயர்கூட இருக்கும்!) அவர் வேலையை விட்டுப் போனாலும் அந்தப் பெயர் தானாக மாறாது.

இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு இன்ஜினியர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், அது பதிவாகவே இல்லை! பேக்கப் புரோகிராமின் பதிப்பு 9.2, டேட்டாபேஸின் பதிப்பு 9.6. பொருந்தாததால் தோல்வியடைந்து வந்திருக்கிறது. அதை எச்சரிக்கும் இ-மெயில்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்த நகல் கைகொடுத்தது. அதற்குப் பின் சேர்ந்த டேட்டா போனது போனதுதான். பேக்கப்பைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் பொறுப்பு கொடுக்கப்படவில்லை என்று நிறுவனமே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

எனவே ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு சிறு டேபிள் போடுங்கள். பொறுப்பாளர், அவர் விடுப்பில் இருந்தால் யார், கடைசியாகச் சரிபார்த்த தேதி. பொறுப்பாளர் இடத்தில் 'அக்கவுண்ட்ஸ் பிரிவு' என்று எழுதாதீர்கள். அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்றே எல்லோரும் இருப்பார்கள். ஒரே ஒருவரின் பெயர் வேண்டும். சரிபார்ப்பது என்றால் படித்துப் பார்ப்பதல்ல; பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது.

தேதியை நீங்களே டைப் செய்யுங்கள். இன்செர்ட் டேபில் உள்ள டேட் அண்ட் டைம் மூலம் சேர்த்தால், 'அப்டேட் ஆட்டோமேட்டிக்கலி' என்பதில் டிக் இருக்கக்கூடாது. இருந்தால், யாருமே சரிபார்க்காத ஃபைலும் அன்றைய தேதியைக் காட்டிக்கொண்டிருக்கும்.