பந்தயத் தடத்திற்கு டயர்: பிடிப்பா, சமநிலையா?

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தில் லாபிசுக்கும் யோங் பெங்கிற்கும் இடையே, முதலாம் கூட்டரசுச் சாலையை ஒட்டி அமைந்திருக்கும் சிறுபட்டணம் சாஆ. என் தாத்தாவும் பாட்டியும் அவ்வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர்கள். ரப்பர் சோறு போட்ட குடும்பம் எங்களுடையது. ஆனால், அந்த ரப்பர் டயராக மாறி ஒரு காரின் அடியில் என்ன வேலை செய்கிறது என்பதை, இயந்திரவியல் படித்துப் பட்டம் பெற்ற பிறகும் நான் சரியாக உணரவில்லை. செப்பாங் பந்தயத் தடத்தில் ஒருநாள் பட்ட பிறகே உணர்ந்தேன். அப்பாடத்தைப் பல்கலைக்கழகத் தம்பி தங்கையரோடும் முன்னாள் மாணவ நண்பர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

“ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்குத்தானே இது?” என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். விடுதி வாசலில் நிற்கும் பழைய மைவிக்கும் இதே விதிதான்.

1. நான் செய்த தவறு

சில ஆண்டுகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பயன்படுத்திய டோயோட்டா 86 ஒன்றை வாங்கினேன். ஏறத்தாழ 1,240 கிலோ எடை, பின்சக்கர இயக்கம், நான்கு சக்கரங்களிலும் 215/45 ஆர்17 என ஒரே அளவு டயர். ஜொகூரில் பாசிர் கூடாங்கில் 1986ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தடம் மூடப்பட்டுவிட்டதால், பொதுமக்கள் தங்கள் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள்களில் செப்பாங்கிற்கே சென்றேன்.

செப்பாங் தடம் 1999இல் திறக்கப்பட்டது. நீளம் 5.543 கிலோமீட்டர், வளைவுகள் 15. முதல் நாள் ஓட்டியபோது, மெதுவாகத் திரும்ப வேண்டிய 2ஆம், 9ஆம் வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் காரின் மூக்கு வெளிப்புறமாகவே இழுத்துச் சென்றது. ‘முன் டயரில் பிடிப்பு போதவில்லை’ என்று முடிவு செய்தேன். கையில் இருந்த பணத்திற்கு இரண்டு டயர்தான் வாங்க முடியும். மழைநீரை வெளியேற்றும் வரிப்பள்ளங்கள், அதாவது நம்மவர் ‘டயர் பூ’ என்று சொல்வது, மிகக் குறைவாக உள்ள மென்மையான ‘செமி ஸ்லிக்’ டயர் இரண்டை முன்னால் மட்டும் பொருத்தச் சொன்னேன்.

டயர் கடைக்காரர் தயங்கினார். “தம்பி, மாத்துனா நாலையும் மாத்து. இல்லன்னா உள்ளதயே ஓட்டு” என்றார்.

“முன்னாலதான் வழுக்குது அண்ணே, பின்னால நல்லாத்தான் இருக்கு” என்றேன் நான், படித்தவன் என்ற தோரணையில்.

அடுத்த முறை செப்பாங்கில் என் தம்பி அருகில் அமர்ந்திருந்தான். மெதுவான வளைவுகளில் கார் சொன்னபடி திரும்பியது. எனக்கோ தலைகால் புரியவில்லை. வேகமாகச் செல்லும் 5ஆம், 6ஆம் வளைவுகளுக்கு அதே துணிச்சலில் நுழைந்தேன். மூக்கு திரும்பியது, வால் திரும்புவதை நிறுத்தவில்லை. பயந்துபோய் எண்ணெய்க்காலை எடுத்தேன். அதுவே வினையாயிற்று. கார் இரண்டு சுற்றுச் சுற்றிச் சரளைக்கல் பரப்பில் போய் நின்றது. இருவருக்கும் காயமில்லை. வீடு வரும்வரை தம்பி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

2. ஏன் அவ்வாறு நடந்தது?

ஒரு கார் சாலையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. ஓடுவது, நிற்பது, திரும்புவது ஆகிய எல்லாமே அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகத்தான் நடைபெறுகின்றன.

வளைவில் முன் டயர்கள் தம் எல்லையை முதலில் எட்டினால் கார் நேராக வெளியே போகப் பார்க்கும். இதனை ‘அண்டர்ஸ்டியர்’ என்பர். பின் டயர்கள் முதலில் எல்லையை எட்டினால் வால் வெளியே வீசும், இது ‘ஓவர்ஸ்டியர்’. முதலாவதில் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் கார் தன்வழிக்கு வந்துவிடும். இரண்டாவதைச் சமாளிக்கப் பழகிய கையும் விரிந்த இடமும் வேண்டும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் சாலைக் கார்களை முதலாவது பக்கம் சற்றே சாய்ந்திருக்குமாறு அமைக்கின்றனர். நான் குறை என்று நினைத்தது உண்மையில் ஒரு பாதுகாப்பு.

முன்னால் மட்டும் பிடிப்பைக் கூட்டியதன்வழி அப்பாதுகாப்பை நானே அகற்றிவிட்டேன். முன் டயர்கள் தந்த துணிச்சலில் வளைவுக்குள் நுழையும் வேகம் கூடியது. அவ்வேகத்தைத் தாங்கும் ஆற்றல் பின் டயர்களுக்கு இல்லை. எண்ணெய்க்காலை எடுத்தவுடன் காரின் பாரம் முன்னோக்கிச் சாய்ந்தது. ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்த பின் டயர்களின் மீதிருந்த பாரமும் குறைந்தது. எஞ்சிய பிடிப்பும் போயிற்று.

இன்னொரு செய்தியையும் இங்கே அறிதல் நலம். ஒரு டயரின் மீது பாரம் இரட்டிப்பானால் அதன் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை. அதைவிடக் குறைவாகவே கூடும். ஆகவே, காரின் சமநிலை டயரின் தரத்தை மட்டும் பொறுத்ததன்று. வளைவில் பாரம் எந்த டயருக்கு எவ்வளவு மாறுகிறது என்பதையும் பொறுத்தது. ஸ்பிரிங், கேம்பர், காற்றழுத்தம் ஆகிய அனைத்தும் இக்கணக்கில் சேரும்.

3. இண்டியானாபோலிஸ் தந்த பாடம்

டயர் தடத்திற்கும் பாரத்திற்கும் ஏற்றதாக இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த சான்று ஒன்று உண்டு. 2005 ஜூன் 19ஆம் நாள் இண்டியானாபோலிஸ் நகரில் அமெரிக்க பார்முலா 1 பந்தயம் நடைபெற்றது. அங்குள்ள 13ஆம் வளைவு சரிவாக உயர்த்தப்பட்டது; கார்கள் அதனை முழு வேகத்தில் கடப்பதால் டயர்மீது பெரும் பாரம் விழும். இரு நாள் முன்னர் நடந்த பயிற்சி ஓட்டத்தின்போது ரால்ப் ஷூமாக்கரின் காரில் டயர் பழுதாகி அவ்வளைவில் விபத்து நேர்ந்தது. தன் டயர்கள் அவ்வளைவில் பந்தயம் முழுவதும் தாங்கும் என்று உறுதிகூற மிச்செலின் நிறுவனத்தால் இயலவில்லை. விளைவு, மிச்செலின் டயர் பூட்டிய 14 கார்களும் அறிமுகச் சுற்று முடிந்ததும் விலகிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய 6 கார்கள் மட்டுமே ஓடின.

அந்த ஆறில் ஒன்றை ஓட்டியவர், கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. ஜோர்டான் குழுவுக்காக ஓட்டிய அவர் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். பார்முலா 1இல் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவரே. அந்தப் பருவத்தில் மற்றத் தடங்களில் பல பந்தயங்களை வென்றது மிச்செலின்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நல்ல டயர், கெட்ட டயர் என்பதைவிடப் பொருந்தும் டயர், பொருந்தாத டயர் என்பதே சரியான பாகுபாடு.

4. தேர்ந்தெடுக்கும் முறை

அ) நான்கும் ஒன்றாக

ஒரே நிறுவனம், ஒரே வகை, ஏறக்குறைய ஒரே வயது என நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும். 2223 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 22ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள்.

ஆ) அளவு

215/45 ஆர்17 டயரின் விட்டம் ஏறத்தாழ 625 மில்லிமீட்டர். 225/45 ஆர்17 என்றால் 634. இதனை நான்கிலும் போட்டால் சிக்கல் குறைவு. முன்னால் ஒரு விட்டம், பின்னால் ஒரு விட்டம் என்று கலந்தால், சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டு வேலை செய்யும் ஏபிஎஸ் பிரேக்கும் நிலைப்புக் கட்டுப்பாட்டுக் கருவியும் குழம்ப நேரிடும். ரிம்மின் அகலத்திற்கு ஏற்காத அகல டயரும் வேண்டாம். பக்கச்சுவர் நெளிந்து ஸ்டியரிங் மந்தமாகிவிடும்.

இ) மென்மையின் அளவு

‘டிரெட்வேர்’ எனும் எண் தேய்மானத்தைக் குறிப்பது. எண் குறையக் குறையப் பொதுவாக ரப்பர் மென்மையானது. பிடிப்பு மிகுதி, ஆயுள் குறைவு. ஆயினும், இவ்வெண்ணைத் தயாரிப்பாளர்களே தத்தம் டயருக்கு இடுவதால் இரு நிறுவனங்களின் எண்களைத் துல்லியமாக ஒப்பிட முடியாது. தொடக்க நிலையில் உள்ளவருக்கு 200 அளவிலான டயரே போதும் என்பது என் அனுபவம். பிடிப்பு கூடினால் வளைவில் கார் சாய்வதும் பிரேக் சூடாவதும் கூடும் என்பதை நினைவில் கொள்க.

ஈ) காற்றழுத்தம்

காலை 30 பாகை வெப்பத்தில் 30 பி.எஸ்.ஐ. காற்று அடைத்து ஓட்டினால், உள்ளிருக்கும் காற்று 80 பாகையை எட்டும்போது அழுத்தம் ஏறத்தாழ 37 ஆகிவிடும். நாம் பள்ளியில் படித்த வளிம விதிதான் இது. ஆகவே, தடத்தை விட்டு வெளியேறியவுடன் சூட்டோடு சூடாக அளந்து சரிசெய்ய வேண்டும். செப்பாங்கில் 10 வளைவுகள் வலப்பக்கம் திரும்புவதால் இடப்பக்க டயர்களே அதிகம் உழைக்கும். அவை அதிகம் சூடாகும். வீட்டிற்குப் புறப்படுமுன், டயர்கள் ஆறியபின், பழைய அளவிற்குக் காற்றை மீண்டும் அடைக்க மறவாதீர்.

உ) ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

டயரை மாற்றிய அன்றே கேம்பரையும் ஸ்பிரிங்கையும் மாற்றினால் எதனால் எது நேர்ந்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, குறிப்பேட்டில் எழுதி, பிறகு அடுத்ததற்குச் செல்க.

5. வீடு திரும்பும் பாதை

தடத்தில் ஓட்டுவது சில மணி நேரம். வீடு திரும்ப வேண்டியது நெடுந்தூரம். நம் நாட்டில் மாலை மழைக்குச் சொல்லவே வேண்டியதில்லை. டயர் பூ குறைந்த செமி ஸ்லிக், தேங்கிய நீரில் மிதந்து சறுக்கும். அத்தகைய டயர்தான் வேண்டுமென்றால் தனி ரிம்மில் பூட்டித் தடத்திலேயே மாற்றிக்கொள்வது நல்லது.

மைவி, சாகா வைத்திருக்கும் தம்பி தங்கையருக்கு ஒரு வேண்டுகோள். பணமின்றி இரண்டு புதிய டயர் மட்டும் வாங்க நேர்ந்தால், அவற்றைப் பின்னால் பூட்டி, பின்னால் இருந்த நல்ல டயர்களை முன்னால் மாற்றிவிடுங்கள். முன்சக்கர இயக்கக் கார் என்பதால் புதியது முன்னாலேயே இருக்க வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். மழைச்சாலையில் பின் டயர் தேய்ந்திருந்தால், எனக்குச் செப்பாங்கில் நேர்ந்ததே அவர்களுக்கும் நேரும். செப்பாங்கில் எனக்குச் சரளைக்கல் இருந்தது. லாபிஸ் சாலையில் எதிரே வருவது செம்பனை லாரி.

முடிவுரை

பின்னர் பணம் சேர்த்து, 215/45 ஆர்17 அளவிலேயே நான்கு டயர்களையும் மாற்றினேன். 9ஆம் வளைவில் மூக்கு இன்னமும் சிறிது வெளியே இழுக்கத்தான் செய்கிறது. அதை இப்போது நான் குறையாகக் கருதுவதில்லை. வேகத்தைச் சற்றுக் குறை என்று கார் சொல்லும் சொல்லாகவே எடுத்துக்கொள்கிறேன். கடைக்காரர் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னபோது, “நாலுன்னு சொன்னேன்ல” என்று மட்டும் சொல்லிச் சிரித்தார்.

தம்பி மீண்டும் என்னோடு வரச் சம்மதிக்க எட்டு மாதம் ஆயிற்று. ஏறி அமருமுன் நான்கு டயர்களையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தான். காரில் ஏறும் ஒவ்வொருவரும் அவ்வாறே ஒருமுறை பார்ப்பது நல்ல பழக்கமாகும்.