காதில் விழுந்தாலும் கணக்குதான்

அன்புள்ள குட்டிக்கு,

சித்தி எழுதுகிறேன். செகந்திராபாத் அல்வாலில் இருக்கும் கொத்த செருவு ஏரிக்குப் பறவை பார்க்கப் போகிறீர்கள், சரி. "கீழ்வீட்டு அக்காவுக்குக் கண்ணு தெரியாதே, கூப்பிட்டா சங்கடப்படுவாங்களா?" என்று போனில் கேட்டாயே, அது அன்றிலிருந்து மனசில் ஓடுகிறது.

கூப்பிடு. போனதும் அவர் சொல்கிற பக்கம் திரும்பு.

மரத்தடியில் நின்றால் இலைக்குள் இருப்பது கண்ணுக்கு வருமுன் காதுக்கு வந்துவிடும். குளிர் விட்டதும் 'டுக், டுக், டுக்' என்று செம்பு தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்குமே, அதுதான் செம்மார்புக் குக்குறுவான். அலகைத் திறக்காமலே தொண்டையை உப்ப வைத்துக் கூவும். கூவும்போதே தலையை அங்கும் இங்கும் திருப்பும். சத்தம் எங்கிருந்து வருகிறதென்றே பிடிபடாது. பச்சை இலைக்குள் பச்சைப் பறவை. பைனாகுலரும் கையுமாக அரைமணி நேரம் கழுத்து வலிக்க நின்று தோற்றிருக்கிறேன். 'கூ...ஊ' என்று ஏறிக்கொண்டே போவது ஆண்குயில். 'கிக், கிக்' என்று படபடப்பது பெண்குயில். குக்குறுவான், ஆட்காட்டி, அக்காக்குயில் என்று நம்மவர்கள் பல பெயர்களைக் காதால் கேட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்ட் இணையதளத்தில் பட்டியல் போடும்போது குரலை வைத்து அடையாளம் கண்ட பறவையையும் சேர்க்கலாம். பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்புக்கு ஒரே இடத்தில் 15 நிமிடம் உட்கார்ந்தால் போதும். முட்டிவலிக்காரப் பாட்டியைக்கூடப் பால்கனியில் உட்கார வைக்கலாம்.

விலை உயர்ந்த கேமரா, இங்கிலீஷ் பெயர், விடியற்காலையில் கார்: இதெல்லாம் இருந்தால்தான் பறவை பார்க்கலாம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஆனால் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காத ஜமால் ஆரா என்ற பெண், அன்றைய பீகார்க் காடுகளைச் சுற்றிப் பறவைகளைப் பற்றி ஏராளமாக எழுதினார். சிறுவர்களுக்கான அவருடைய 'வாட்சிங் பேர்ட்ஸ்' 1970-இல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாக வந்தது. அப்புறம் வெகுகாலம் அவரை எல்லோரும் மறந்தே போனார்கள். பறவை பார்க்க நிற்பவரைச் சந்தேகப்படுவதும் உண்டு. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 2020 மே மாதம், நாயை வாரில் கட்டச் சொன்ன கிறிஸ்டியன் கூப்பர் என்ற பறவை ஆர்வலர், கறுப்பினத்தவர், அவர் மீது, மிரட்டுகிறார் என்று ஒரு பெண் போலீசுக்கு போன் போட்டார். நம் ஊரிலும் ஏரிக்கரையில் தனியாக நிற்கிற பெண்ணை, "இங்க என்ன வேலை?" என்று கேட்காமல் விடுவார்களா? அதனால் நாலு பேராகப் போங்கள். உட்கார நிழல், பக்கத்தில் கழிப்பறை, தடுக்காத பாதை உண்டா என்று முந்தின நாளே பார்த்து வை. கரையில் மீன் பிடிக்கிறவர்கள் இருந்தால் பறவைக்குத் தெலுங்கில் என்ன பெயர் என்று கேள். நோட்டில் அதையே முதலில் எழுது.

தசராவன்று பாலபிட்டவைப் பார்ப்பது நல்ல சகுனம் என்று உங்கள் ஊரில் தேடிப் போவார்கள். அது நம் பனங்காடைதான்; தெலங்கானாவின் மாநிலப் பறவை. அதைப் பிடித்துக் கூண்டில் அடைத்து, காட்டிக் காசு வாங்குகிறவர்களும் உண்டு. பனங்காடையின் அழகுக்குத் துளியும் பொருந்தாத கரகரத்த குரல் அதற்கு. கண்டோன்மென்ட் மைதானப் பக்கம் போனால் அக்கா அதைக் கேட்டுச் சொல்லிவிடுவார். பறக்கும்போது விரிகிற அந்த நீலத்தை அவருக்கு எப்படிச் சொல்வாய் என்று இப்போதே யோசித்து வை. எனக்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை.

அன்புடன்,
சித்தி