ரசம் சாதம் மட்டும் போதுமா?

“வயசாச்சு, இனிமே லேசா சாப்பிட்டாப் போதும்.”

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு கேட்காமல் இருக்காது. வயிற்றுக்கு லேசு, சரி. தசைக்கு? காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி என்று ஓட்டினால் நாள் முழுதும் சேர்ந்து புரதம் 25 கிராமைத் தாண்டுவதே கஷ்டம். முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள் முதுமைநல வல்லுநர்கள். அறுபது கிலோ இருப்பவருக்கு 60 முதல் 72 கிராம். வயதான தசை, இளமையில் வளர்ந்ததுபோல் கொஞ்சம் புரதத்துக்கெல்லாம் வளர்ந்து கொடுக்காது. அதனால்தான் தேவை கூடுகிறது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் சுமார் 6 கிராம். சுண்டல், கெட்டிப் பருப்பு, மீன், தயிர் எல்லாம் கணக்கில் சேரும். ரசத்தின் தெளிவு சேராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

“வெயிட் அப்படியேதான் இருக்கு, ஒண்ணும் குறையலை.”

தசை கரைந்த இடத்தில் கொழுப்பு ஏறினால் எடைமெஷின் அதே எண்ணைத்தான் காட்டும். ரத்தப் பரிசோதனைத் தாளிலும் இதற்கென்று தனி வரி கிடையாது. வீட்டிலேயே பார்க்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பக்கத்தில் ஒருவர் நிற்க, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது தசை இழப்பு குறித்த ஆசிய வல்லுநர் குழு 2019-இல் வகுத்த அளவு. தையல் டேப் இருந்தால் கெண்டைக்காலின் பருத்த இடத்தையும் அளக்கலாம்: ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழே போனால் சந்தேகம். காலில் நீர் கோத்திருந்தால் இந்த அளவு ஏமாற்றிவிடும். மருத்துவர் கைப்பிடி வலுவையும் கருவியால் அளப்பார்.

“தினம் வாக்கிங் போறேனே.”

போங்கள், இதயத்துக்கு நல்லது. ஆனால் தசைக்கு எதிர்ப்பு வேண்டும், அதாவது பளு.

“இந்த வயசிலா பளு தூக்குறது?”

90 வயதை எட்டியவர்களே தூக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் குழு 1990-இல் வெளியிட்ட ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்தவர்கள் எட்டு வாரப் பயிற்சியில் கால் வலுவை இரு மடங்குக்கும் மேலாகக் கூட்டிக்கொண்டார்கள். நம் வீட்டில் தண்ணீர் பாட்டிலும் ரப்பர் பட்டையும் போதும். மூட்டு வலி, இதய நோய் இருந்தால் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபின் தொடங்கலாம்.

அதே குழு 1994-இல் நூறு பேரை வைத்து இன்னொன்றும் பார்த்தது. பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குத் தசை வலு கூடவில்லை. பிள்ளைகள் ஊரிலிருந்து வரும்போது வாங்கி வரும் பவுடர் டின் விஷயமும் இதுதான்.