வேலையில் சேரும் முன் கம்பெனியின் கணக்கைப் பாருங்கள்

2015 செப்டம்பரில் மூணாறில் கொழுந்து கிள்ளும் பெண்கள் ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்தார்கள். போனஸ் 10 சதவீதம்தான் என்ற அறிவிப்பு அவர்களைக் கொதிக்க வைத்தது. தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகில் விடவில்லை. இத்தனைக்கும் அவர்கள் வேலை பார்த்த கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் கம்பெனியில் பெரும்பான்மைப் பங்கு ஊழியர்களுடையது. 2005இல் டாடா டீ அங்கே தோட்டங்களை நேரடியாக நடத்துவதிலிருந்து விலகியபோது, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குதாரர் ஆனார்கள். தேயிலை விலை விழுந்து கிடந்த அந்தக் காலத்தில் தோட்டங்கள் மூடாமல் தப்பியது பெரிய விஷயம். ஆனால் பங்கு கைக்கு வந்தால் மட்டும் போதாது, கணக்கும் கைக்கு வரவேண்டும்.

சட்டப்படி போனஸ் 8.33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 20ஐத் தாண்டவும் கூடாது. இடையில் எவ்வளவு என்பதைக் கம்பெனியின் கணக்குதான் தீர்மானிக்கும். அந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல ஆளில்லாத இடத்தில், 10 என்ற எண் ஏமாற்றாகத்தான் காதில் விழும். கடைசியில் 8.33 போனஸ், 11.67 கருணைத்தொகை என 20 சதவீதம் கொடுத்துத்தான் போராட்டம் முடிந்தது.

நிறுவன ஆளுகை, அதாவது கம்பெனியை எப்படி நடத்துவது, யாருக்குக் கணக்குச் சொல்வது என்பது, கோட்டு போட்டவர்கள் ஏசி அறையில் பேசுவது என்று நினைக்காதீர்கள். அது கொழுந்துக் கூடையிலேயே தெரியும். சுமார் நான்கரை கிலோ பச்சைக் கொழுந்து வாடி, நசுங்கி, காய்ந்து ஒரு கிலோ தேயிலை ஆகிறது. எடையை மட்டும் கேட்டு விரட்டினால் கூடையில் முற்றல் இலையும் சேரும். அதை ஃபேக்டரியில் எந்த மெஷினாலும் இளங்கொழுந்தாக்க முடியாது. ஏலத்தில் விலை குறையும், லாபம் குறையும், போனஸும் குறையும். மலைச்சரிவில் நிற்பவருக்கு இது முதல் நாளே தெரியும். அவர் சொல் டைரக்டர்கள் மேசைவரை போகிறதா என்பதுதான் கேள்வி.

மூணாறிலிருந்தோ சித்தூரிலிருந்தோ பாலக்காட்டின் கஞ்சிக்கோடு ஃபேக்டரிகளுக்கு இன்டர்வியூ போகும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் கட்டினால் எந்தக் கம்பெனியின் ஆண்டுக் கணக்கையும் பார்க்கலாம். லாப எண்ணில் மயங்காமல் நேராக ஆடிட்டர் அறிக்கையின் பின்னிணைப்புக்குப் போங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பாக்கி ஆறு மாதத்துக்கு மேல் நிற்கிறதா என்று அங்கே எழுதியிருக்கும். தொழிலாளி சம்பளத்தில் பிடித்த காசையே கட்டாத கம்பெனி மெஷினுக்கு ஸ்பேர் வாங்கும் என்று நம்பாதீர்கள். சிறிய தனியார் கம்பெனிக்கு அந்தப் பின்னிணைப்பு கட்டாயமில்லை. அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒருவரிடம் பி.எஃப். பாஸ்புக்கைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதப் பணத்தையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கம்பெனி கட்டியிருக்க வேண்டும்.

தாய்க் கம்பெனியையும் விசாரியுங்கள். மத்திய அரசு நிறுவனமான இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட்டுக்குக் கஞ்சிக்கோட்டில் இருந்த கன்ட்ரோல் வால்வு யூனிட் லாபத்தில்தான் ஓடியது. நஷ்டத்தில் மூழ்கியது ராஜஸ்தான் கோட்டாவிலிருந்த தலைமை யூனிட். 2016இல் மத்திய அமைச்சரவை கோட்டாவை மூட முடிவெடுத்தபோது, பாலக்காட்டுக்காரர்களின் எதிர்காலமும் கேரள அரசு ஏற்குமா என்ற பேச்சுவார்த்தையில் தொங்கியது. ஒழுங்காக வேலை செய்தவர்கள் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

உங்கள் அம்மாவோ அத்தையோ தோட்டக் கம்பெனியில் பங்குதாரரா? பொதுக்குழுவுக்கு 21 நாள் முன்பே நோட்டீசும் கணக்கும் அனுப்பவேண்டும் என்பது சட்டம். வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் வாசித்துக் காட்டுங்கள். போக முடியாவிட்டால் பிரதிநிதி அனுப்பும் படிவம் கூடவே இருக்கும். போனால், போன வருஷம் ஒரு கிலோ தேயிலை சராசரியாக என்ன விலைக்குப் போனது, செலவு எவ்வளவு என்று அவர் எழுந்து கேட்கட்டும்.