கத்திரி வெயிலும் க்ரீம் டப்பாக்களும்

ஸ்ரீரங்கம் சித்திரைத் தேர் சமயத்தில் திருச்சி வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. தகரக் கூரைக் கிடங்கில் சூடு இன்னும் அதிகம்.

தேங்காய் எண்ணெய் சுமார் 25 டிகிரியில் உருகினாலும் கெடுவதில்லை, குளிர்ந்தால் உறையும். கோல்டு க்ரீம் அப்படியல்ல. எண்ணெயும் நீரும் கலந்த அது, சூட்டில் பிரிந்தால் பழையபடி சேராது.

ஆகவே நாம் கவனிக்க வேண்டியவை:

1. பெரிய கடைவீதியிலிருந்து சரக்கைக் காலையிலேயே ஏற்றுவோம். வண்டியை வெயிலில் நிறுத்த வேண்டாம்.

2. வெயில் படும் கண்ணாடி அலமாரியைத் தவிர்த்து, கீழ்த்தட்டில் அடுக்குவோம்.

3. கோடையில் பதினைந்து நாள் விற்பனைக்கு மட்டும் கொள்முதல் செய்வோம்.

4. பிரிந்த டப்பாவை விற்காமல், பில்லுடன் ஏஜெண்டிடம் காட்டுவோம்.

டப்பா நஷ்டத்தை ஈடுகட்டலாம். வாடிக்கையாளர் முகத்தில் எரிச்சல் வந்தால், போன நம்பிக்கை திரும்பாது.