பழைய சுமை ஜீப்புக்கு மறுவாழ்வு

தஞ்சைத் தரணியில் நெல்லை விளைவிப்பதைக் காட்டிலும், விளைந்த நெல்லைக் களத்திலிருந்து கரைசேர்ப்பதே சில ஆண்டுகளில் பெரும்பாடாகி விடுகிறது. ஜூன் 12-ஆம் தேதியில் மேட்டூர் அணை திறந்தால், குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வந்து நிற்கும். வடகிழக்குப் பருவமழையும் அப்பொழுதே தலைகாட்டும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதமே பொது வரம்பு. அதைத் தளர்த்த ஒவ்வொரு தடவையும் மத்திய அரசின் அனுமதியை எதிர்நோக்க வேண்டியிருக்கிறது. காய்ந்த நெல்லை அன்றைக்கே ஏற்றிச் செல்லாவிடில், இரவு பெய்யும் ஒரு மழை பத்து நாள் உழைப்பைக் கெடுத்துவிடும். அந்த வேளையில் வாடகை வண்டி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கூலி ஏறிவிடும்.

இத்தகைய நெருக்கடியில், ஊரில் யாரேனும் ஒருவர் கொட்டகையில் ஓய்ந்து கிடக்கும் பழைய பிக்கப் வண்டியைப் பலரும் நினைத்துப் பார்ப்பதுண்டு. சிறு விவசாயிகள் நாலைந்து பேர் கூடி அதைச் செப்பனிட்டுக் கொண்டால் என்ன என்ற கேள்வி எழுகிறது. செய்யலாம், ஆனால் எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பது தெரிந்திருத்தல் வேண்டும்.

நம் பக்கத்தில் காணப்படும் மிகப் பழைய சுமை வண்டிகளில் ஜீப் இனத்தைச் சேர்ந்தவை பல. 1945-இல் மஹிந்திரா அண்டு முஹம்மது என்று தொடங்கி, 1948-இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று பெயர் மாறிய பம்பாய்க் கம்பெனியார், அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் பூட்டி விற்கலாயினர். 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய நலத் திட்டம் தொடங்கிய பின்னர், வட்டார அபிவிருத்தி அதிகாரி என்றாலே ஜீப் என்று கிராமத்தார் எண்ணும் அளவுக்கு அவ்வண்டி பழகிவிட்டது. தஞ்சாவூர் ஜில்லா 1960-இல் தீவிர விவசாயத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபொழுது, வயல் வரப்புவரை வந்து நின்றதும் அதுவே. 1965 முதல் இதே கம்பெனியார் எஃப்.சி. 150 என்ற, ஓட்டுநர் இருக்கை எஞ்சினுக்கு மேலாக முன்தள்ளி அமைந்த, சுமைப் பெட்டியோடு கூடிய வண்டியையும் செய்தனர். அரசாங்க ஏலத்தில் கழிந்த ஜீப்புகள் தனியார் கைக்கு வந்து, பின்பாகம் சுமைப் பெட்டியாக மாறியதும் உண்டு.

வண்டியைத் தேவைக்கேற்ப மாற்றுவது நம்மவருக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமல் மோட்டார்கள் நின்றுபோக, மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் கரியிலிருந்து உண்டாகும் வாயுவால் எஞ்சினை ஓட்டும் சாதனத்தைச் செய்து பஸ்களில் பொருத்தினார். அது அழகுக்காகச் செய்த மாற்றமன்று. வண்டி ஓட வேண்டும் என்பதற்காகச் செய்தது. நாமும் இந்த அளவுகோலையே கையில் வைத்துக்கொள்வோம்.

முதலில் பார்க்க வேண்டியது புத்தகம்

எஞ்சினைத் திறக்குமுன் பதிவுப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா? சொந்த உபயோக வண்டியாகப் பதிவாகியிருந்தால் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். சரக்கு வண்டியாகப் பதிவானதற்கு, 8 ஆண்டுகள் கடந்த பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று தேவை. பசுமை வரியும் உண்டு. பல ஆண்டுகள் புதுப்பிக்காமல் விட்ட வண்டிக்கு நிலுவை எவ்வளவு என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே விலை பேசுதல் நன்று.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மத்திய, மாநில அரசுகளுக்கும் நகராட்சி, பஞ்சாயத்து முதலிய ஸ்தாபனங்களுக்கும் உரிய வண்டிகள் 15 ஆண்டுகளைக் கடந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் அவற்றின் பதிவைப் புதுப்பிக்க இயலாது. அவை பதிவு பெற்ற வாகனக் கழிவு நிலையத்துக்கே செல்ல வேண்டும். ஆகவே, பஞ்சாயத்துப் பணத்தில் பழைய வண்டியைச் செப்பனிடும் யோசனைக்கு இடமில்லை. நாம் சொல்லும் வேலை விவசாயிகள் தாமாகக் கூடிச் செய்துகொள்வதற்கு உரியது. இதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற முயல்வோர் தணிக்கையின்போது வருந்த நேரும்.

50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கென 2021-இல் தனி விதிகள் வந்துள்ளன. அவற்றின்படி பழம்பெரும் வாகனம் என்று பதிந்துகொண்டால், கண்காட்சிக்கு ஓட்டலாம். வாடகைக்கோ அன்றாடச் சுமைக்கோ ஓட்டலாகாது. நெல் ஏற்ற நினைப்பவர் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

மாற்றங்களைப் பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கண்டிப்பானது. தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் வலியுறுத்தியிருக்கிறது. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைப்பது ஊர்ப் பட்டறைகளில் சாதாரணமாக நடந்துவந்த காரியம். செலவு குறையும் என்பதும் மெய்யே. ஆயினும், பதிவதிகாரியின் அனுமதியை எழுத்தில் பெறாமல் அதைச் செய்தால், விபத்து நேர்ந்த நாளில் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி கை விரிக்க வழி ஏற்படும். அன்றியும் டீசல் எஞ்சின் கனமானது, அதிர்வு மிக்கது. பழைய கியர் பெட்டியும் தாங்கு கட்டைகளும் அதைச் சுமக்கப் பிறந்தவை அல்ல.

அஸ்திவாரமும் பிரேக்கும்

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்றால் துரு அதிகம். சேஸிஸின் உட்புறத்தில் சேற்றோடு வைக்கோல் துணுக்கும் அடைந்து, ஈரம் காயாமல் இரும்பை உள்ளிருந்தே தின்றுவிடும். மண்பானை வாங்குவோர் சுண்டிப் பார்ப்பதுபோல், சிறு சுத்தியால் சட்டத்தை அடி முதல் நுனி வரை தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்கும் இடம் நல்லது. மொத்தென்று கேட்கும் இடம் உளுத்தது. ஸ்பிரிங் பட்டை சட்டத்தோடு சேரும் இடங்களையும், ஸ்டியரிங் பெட்டி பொருந்தும் இடத்தையும் இரு தடவை தட்டுக. சட்டம் பெரும்பகுதி உளுத்திருந்தால் அவ்வண்டியை அத்தோடு விட்டுவிடுவதே விவேகம். சிறு பகுதியானால், துருவை முற்றும் வெட்டியெறிந்துவிட்டு அதே கனமுள்ள தகட்டைப் பற்றவைக்கலாம். துருவின்மேல் தகடு வைத்து மூடுவது வேலையன்று. சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் அரமோ வெல்டிங்கோ படவே கூடாது. மின்சார வெல்டிங் செய்யுமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் தொட்டியை மட்டும், காலியாயிருந்தாலும், பற்றவைக்க முற்படாதீர்கள்; உள்ளே தங்கிய ஆவி வெடித்துவிடும்.

அடுத்தது பிரேக். நம் கருத்தில், கையில் உள்ள பணத்தில் முதல் பங்கு இதற்கே போக வேண்டும். பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே எண்ணெய் வழி. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கும் ஒருசேரச் செயலற்றுப் போகும். நிரம்பச் சுமையேற்றி ஆற்றுப் பாலத்தின் இறக்கத்தில் வரும் வண்டிக்கு இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இரு பகுதியாகப் பிரிந்த மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தினால் முன் சக்கரங்களுக்கு ஒரு வழி, பின் சக்கரங்களுக்கு ஒரு வழி என்று ஆகிவிடும். ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும். மாற்றங்கள் என்று சொல்லப்படுபவற்றுள் நாம் மனமாரப் பரிந்துரைப்பது இது ஒன்றே. இதையும் அனுபவமுள்ளவர் கையால், அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே செய்விக்க வேண்டும். குழாய்களும் ரப்பர் வாஷர்களும் புதியனவாகவே இருக்கட்டும். பிரேக் எண்ணெய்க்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயைத் துளி விட்டாலும் ரப்பர் ஊதிப்போகும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை பிரேக் எண்ணெய்க்கு உண்டாதலால், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையேனும் மாற்றுவது நலம்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அமுக்கமானியை வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்தால் பாதி உண்மை வெளிப்பட்டுவிடும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு உயர்ந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. உயராவிடில் வால்வில் கோளாறு. கியர் எண்ணெய் பால் நிறமாக இருந்தால் வண்டி என்றோ வெள்ளத்தில் நின்றிருக்கிறது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்த ஊர்களின் வண்டிகளில் மின்கம்பிகளையும் பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

சுமைப் பெட்டி விஷயத்தில் நம் ஊர்த் தச்சரும் கொல்லரும் போதும். பார வண்டிக்குப் பூவரசும் கருவேலும் தேர்ந்து பழகிய கைகள் அவை. பலகைகளுக்கிடையே நீர் வடிய இடம் விட்டு, அளவு பதிவுப் புத்தகத்தை மீறாமல் செய்யச் சொல்லுங்கள். வைக்கோல் ஏற்றுவோர், புகைக்குழாய்க்கும் பெட்டிக்கும் இடையே தகடு வைத்துக்கொள்வது அவசியம். சூடான குழாயில் சிக்கிய வைக்கோல் தீப்பற்றும்.

யார் உதவுவர்?

பழைய வண்டிகளில் பற்றுடையோர் தமிழ்நாட்டில் நிறையப் பேர் உள்ளனர். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற சங்கங்கள் உண்டு. கோவையிலும் இத்தகையோர் உளர். பழைய பாகப் பட்டியல், இன்னின்ன பாகம் இன்னின்ன வண்டிக்கும் பொருந்தும் என்ற அறிவு, எங்கே கிடைக்கும் என்ற தகவல் ஆகிய மூன்றையும் இவர்கள் மனமுவந்து தருவர். சென்னைப் புதுப்பேட்டையில் தெரு தெருவாக அலைந்து கிடைக்காத பொருள், ஓர் ஆர்வலரின் கொட்டகை மூலையில் கிடப்பதுண்டு. ஆனால் அவர்களுடைய ருசி வேறு, நம் தேவை வேறு. வண்டியை உயர்த்துவதும் அகன்ற டயர் மாட்டுவதும் அவர்களுக்குப் பிடிக்கும். வாய்க்கால் கரைப் பாதையில் நெல் மூட்டையோடு செல்லும் வண்டி உயர உயர, கவிழும் அபாயமும் உயரும். அறிவைப் பெற்றுக்கொண்டு அலங்காரத்தை மரியாதையோடு மறுத்துவிடலாம்.

தொலைவில் தேடுமுன் அருகிலும் பாருங்கள். 1972-இல் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்ட நாளிலிருந்து, அங்கே பணிசெய்து ஓய்வுபெற்ற மெக்கானிக்குகள் டெல்டா கிராமங்களில் பலர். இராணுவத்தில் ஜீப் ஓட்டித் திரும்பியோரும் உண்டு. ஐ.டி.ஐ.யில் படிக்கும் பிள்ளைகளை இவர்களோடு சேர்த்துவிட்டால் வேலையும் நடக்கும், தொழிலும் கைமாறும்.

சுமையும் ஆட்களும்

வண்டி ஓடத் தொடங்கியதும் இரண்டு ஆசைகள் தலையெடுக்கும். முதலாவது, ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்து அதிக மூட்டை ஏற்றுவது. பட்டை தாங்கும், அச்சும் பிரேக்கும் தாங்கா. புத்தகத்தில் மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதே சுமை. அது 750 கிலோ எனில், கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டையில் 18 ஏற்றலாம். பத்தொன்பதாவது மூட்டை அடுத்த நடைக்கு.

இரண்டாவது ஆசை இதனினும் கொடியது. நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்களைச் சுமைப் பெட்டியில் நிற்கவைத்து ஏற்றிச் செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்வோருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கு இல்லையென்று 2002-இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி கவிழ்ந்து கூலிக்குப் போன தாய் ஒருத்தி இறந்தால், அக்குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வண்டியைச் செப்பனிட்ட அந்த நாலைந்து விவசாயிகளே. பஞ்சாயத்துத் தலைவர்கள் இதைக் கிராம சபையில் எடுத்துச் சொல்வது மிகவும் தகும்.

ஓட்டுபவருக்கு ஒரு வார்த்தை: முன் அச்சையும் சேர்த்து இழுக்கும் நெம்புகோலைச் சேற்றில் மட்டுமே போட வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் அப்படியே ஓட்டினால் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கித் தேயும்.

வண்டியின் பதிவு ஒருவர் பெயரில்தான் பெரும்பாலும் இருக்கும். பணம் போட்டவர் ஐவர் எனில், யார் எவ்வளவு போட்டனர், அறுவடையில் யாருக்கு எந்த நாள், டீசலும் ரிப்பேரும் யார் கணக்கு, பதிவுதாரர் இறந்தால் வண்டி யாருக்கு என்பதையெல்லாம் முத்திரைத் தாளில் எழுதி ஐவரும் கையொப்பமிட்டு, இன்ஷ்யூரன்ஸ் பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். முதல் மூட்டையை ஏற்றுமுன்பே இதை முடித்துவிடுக.