எரிபொருளின் வெப்பத்தை நீரால் அளத்தல்

கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில், கரும்பைப் பிழிந்த சக்கையே கொதிகலனுக்கு எரிபொருளாகும். அரவையிலிருந்து வெளிவரும் சக்கையின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமே. அந்த ஈரத்தால் நேரும் நட்டத்தை அங்கத்தினர்கள் தாமே கணக்கிட இயலும்.

ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை சென்டிகிரேடு உயர்த்த ஒரு கிலோகலோரி வேண்டும். உலர்ந்த சக்கை 100 கிராமை எரித்ததில், 2 லிட்டர் நீர் 30 பாகையிலிருந்து 70 பாகைக்கு ஏறியதாகக் கொள்வோம். 2 × 40 = 80; அதாவது கிலோவுக்கு 800 கிலோகலோரி. ஆனால் உலர்ந்த சக்கையின் உண்மையான எரிதல் வெப்பமோ 4,000க்கும் மேல்! எஞ்சியது காற்றோடும் பாத்திரத்தோடும் போயிற்று. ஆய்வுக்கூடத்தார் நீர் சூழ்ந்த மூடிய எஃகுக் கலத்தில், பிராணவாயு நிரப்பி எரிப்பது இதனாலேயே. ஆயினும் ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம் கொண்டு ஈரமானதையும் உலர்ந்ததையும் ஒப்பிட நம் முறையே போதும்.

பாதி ஈரமுள்ள ஒரு கிலோ சக்கையில் நார் அரைக் கிலோவே. மீதி அரை லிட்டர் நீர். அந்நீரைக் கொதிநிலைக்குக் கொணர 35, ஆவியாக்க 270, ஆக 305 கிலோகலோரி வீணாகும்.

சாயமிட விறகு வாங்கும் நெசவாளர், ஒரு துண்டை நிறுத்து, எடை குறைவது நிற்கும்வரை வெயிலில் உலர்த்தி, மீண்டும் நிறுத்துப் பார்ப்பாராக. விறகு விலைக்கு எவ்வளவு தண்ணீர் வாங்கினோம் என்பது தெரிந்துவிடும்.